விழித்திரையில் வடுவும் கட்டியும்

துணுக்காயைச் சூழ்ந்த காடுகளிலே பாலையும் வீரையும் முதிரையும் வளர்கின்றன. கோடரி பட்டும் வீழாது தப்பிய மரமொன்றைச் சில ஆண்டுகளின் பின் நோக்கினால், வெட்டுவாயின் இரு கரைகளிலிருந்தும் புதிய மரத்தசை புடைத்தெழுந்து காயத்தை மூடியிருப்பது தெரியும். சிலவேளைகளில் அப்புடைப்பு அளவு மீறிப் பெருத்து, அடிமரத்தில் ஒரு பெரிய முண்டாகவே நிற்கும். காட்டோடு பழகியவர் அதனைக் கண்டதும் வெட்டு வாங்கிய மரம் என்று சொல்லிவிடுவர். நோய் பற்றியதால் எழுந்த முண்டினை அவர்கள் வேறாகவே அறிவர். பழக்கமில்லாதவனுக்கோ இரண்டும் முண்டுகளே.

மனிதக் கண்ணினுள்ளும் இத்தகைய இரு முண்டுகள் உண்டு. விழித்திரை காயமுற்றால் அதனைத் தாங்கி நிற்கும் கலங்கள் பெருகி வடுவாகின்றன. அவ்வடு சிலரிடத்தில் அளவிறந்து வளர்ந்து கட்டியின் தோற்றத்தை அடைகின்றது. வேறு சிலரிடத்தில், எக்காயமுமின்றி, விழித்திரைக் கலமொன்று தன் கட்டுப்பாட்டை இழந்து உண்மைக் கட்டியாகின்றது. முன்னையது கண்ணைக் கெடுக்கலாம்; பின்னையது உயிரையே கொள்ளலாம். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெருஞ் சோதனையாக இருந்து வந்துள்ளது. அச்சோதனையின் வரலாறு, பெயரிடுதலின் வரலாறாகவும் அமைந்திருப்பதால் மருத்துவம் பயிலாதவரும் அறிதற்குரியது.

விழித்திரை கால் மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள ஒரு நரம்புப் படலம். ஒளியை உணரும் கலங்களும் அச்செய்தியை மூளைக்குக் கடத்தும் நரம்புக் கலங்களும் அதில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவற்றினிடையே, படலத்தின் உட்கரையிலிருந்து வெளிக்கரை வரை தூண்கள்போல் நீண்டு நிற்கும் கலங்களை ஜேர்மனியரான ஹைன்றிஷ் முல்லர் 1851இல் விவரித்தார். அவை இன்றும் முல்லர் கலங்கள் என்றே வழங்கப்படுகின்றன. இவையும், விண்மீன் வடிவினவாகிய உடுக்கலங்களும், கிளியா எனப்படும் தாங்கு கலங்களின் வகையைச் சேர்ந்தவை. கிளியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்பது பொருள். நரம்புகளை ஒட்டி வைத்திருக்கும் பசையே இவை என்று முதலிற் கருதப்பட்டமையால் அப்பெயர் நிலைத்தது. ஆயின் அவை வெறும் பசையல்ல என்பது பின்னர் புலனாயிற்று. நரம்புக் கலங்களுக்கு ஊட்டமளித்தல், கழிவகற்றல், உப்புச் சமநிலை பேணல் முதலிய பணிகள் யாவும் அவற்றினுடையவை. முல்லர் கலங்கள் ஒளியைப் படலத்தினூடே சிதறாது வழிப்படுத்தும் நார்களாகவும் தொழிற்படுகின்றன என்று 2007இல் லைப்சிக் நகர ஆய்வாளர் காட்டினர்.

இத்தகைய தாங்கு கலங்கள், காயம் நேர்ந்தவுடன் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. உருவிற் பெருக்கின்றன, தம்முள் நார்ப்புரதத்தை நிறைக்கின்றன, இடம்பெயர்கின்றன, பிரிந்து பெருகுகின்றன. சீப்ரா மீனின் விழித்திரை காயமுற்றால் அதன் முல்லர் கலங்கள் இளமை நிலைக்குத் திரும்பிப் புதிய நரம்புக் கலங்களையே ஈன்று பார்வையை மீட்கின்றன. மனிதருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. மனிதரின் முல்லர் கலங்கள் புதிய நரம்பைப் படைக்கும் ஆற்றலின்றி, இழந்த இடத்தை வடுவால் நிரப்புகின்றன. பழுதுபார்க்கும் முயற்சியே அது. எனினும் பார்வையை மீட்டுத் தராத முயற்சி.

பெரும்பாலும் இவ்வடு மெல்லிய படலமாக நின்றுவிடும். ஆனால் ஊடுருவிய காயம், பல்லாண்டு நீடித்த அழற்சி, நெடுநாள் கழன்று கிடந்த விழித்திரை, பிறவிக் குறைபாடு என்பவற்றால் நலிந்த சில கண்களில் அது விழித்திரையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றிவிட்டு அவ்விடத்தைத் தானே நிரப்பித் திரளாக எழுகின்றது. இதனைப் பெருங் கிளியா வடு எனலாம். யனொஃப், சிம்மர்மன், டேவிஸ் ஆகிய மூவரும் 1971இல் எழுதிய கட்டுரை இதன் இலக்கணத்தை வகுத்தது. விழித்திரையின் இடத்தைக் கிளியா இழையம் கொள்ளுதல், அத்திரளினுள் இயல்பு பிறழ்ந்த குருதிக் கலன்கள் காணப்படுதல், அதனால் விழித்திரை தடித்தல் என்பவை அவ்விலக்கணத்தின் கூறுகள். அத்தகைய கண் பெரும்பாலும் முன்னரே பார்வையிழந்து சுருங்கிய கண்ணாக இருக்கும்.

அதே 1971ஆம் ஆண்டில் அல்பிரட் நட்சன் என்பார் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுப் பற்றி வேறொரு கட்டுரையை வெளியிட்டார். ஒரு கலத்தில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தாலே அக்கட்டி தோன்றும் என்றும், பரம்பரையாக வரும் வகையில் முதல் மாற்றம் பிறப்பிலேயே அமைந்துவிடுகின்றது என்றும் அவர் கணக்கிட்டுரைத்தார். அம்மாற்றத்துக்குரிய பரம்பரையலகு 1986இல் கண்டுபிடிக்கப்பட்டது. கலப்பெருக்கத்துக்குக் கடிவாளமாக அமைந்த அவ்வலகின் இரு பிரதிகளும் பழுதாகும்போது கலம் கட்டின்றிப் பெருகுகின்றது. எனவே, ஒரே ஆண்டிற் பிறந்த அவ்விரு கட்டுரைகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வடுவிற்கும் கட்டிக்குமுள்ள அடிப்படை வேற்றுமை தெளிவாகும். வடுவின் காரணம் கலத்திற்கு வெளியே உள்ளது. ஏதோ ஒன்று அதனைத் தூண்டியது. கட்டியின் காரணம் கலத்தின் உள்ளேயே உள்ளது. தூண்டுவார் இன்றியும் அது வளரும்.

கொள்கையளவில் இவ்வாறு எளிதாகத் தோன்றும் இவ்வேற்றுமையை மருத்துவம் கண்டடைவதற்கு நெடுங்காலம் சென்றது. அத்தாமதத்தில் ஒரு பெயருக்கும் பங்குண்டு. குழந்தைகளின் கண்மணியில் வெண்மையாக ஒளிரும் இந்நோயை வியன்னா நகரத்துப் பேர் என்பார் 1817இல் பார்வையற்ற பூனைக்கண் என்று வர்ணித்தார். 1864இல் நோயியல் அறிஞர் விர்ஷோ அக்கட்டியைக் கிளியாக் கலங்களிலிருந்து எழுந்ததெனக் கருதி அதற்குக் கிளியோமா என்று பெயரிட்டார். ஆயின் 1891இல் பிளெக்ஸ்னரும் 1897இல் வின்டர்ஸ்டைனரும் அக்கட்டியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அதன் கலங்கள் சிறு வட்டங்களாக அணிவகுத்து ஒளியுணர் கலங்களைப் போல அமைய முயல்வதைக் கண்டனர். அது கிளியாவின் கட்டியன்று. முதிராத விழித்திரைக் கலங்களின் கட்டி. வேர்ஹொஃப் என்பார் எடுத்துரைத்த ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் பெயரை அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் 1926இல் ஏற்றுக்கொண்டது. பிழையான பெயரொன்று அறுபதாண்டுகளுக்கு மேல் அரசோச்சியது என்பது இதனாற் பெறப்படும்.

பிழையான பெயர் பிறிதொரு பிழையையும் ஈன்றது. கிளியோமா போலத் தோன்றிப் பின்னர் அதுவன்றெனத் தெரிந்த நோய்களெல்லாம் பொய்க் கிளியோமா என்னும் ஒரே கூடையிற் போடப்பட்டன. அழற்சியும், பிறவிக் குறைபாடும், குருதிக் கலன் கசிவும், காயத்தின் வடுவும் அக்கூடையில் ஒன்றாகக் கிடந்தன. இதிலொரு முரண் உண்டு. கிளியோமா என்னும் பெயர் பெற்ற கட்டியிற் கிளியா முதன்மையாக இருக்கவில்லை. பொய்க் கிளியோமா என ஒதுக்கப்பட்டவை சிலவற்றிலோ கிளியாக் கலங்களே நிறைந்திருந்தன.

இது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் செய்தியன்று. உடலின் பிற உறுப்புகளில் ஐயத்திற்குரிய கட்டி காணப்படின் ஊசியாற் சிறிது இழையம் எடுத்து ஆராயலாம். குழந்தையின் விழித்திரைப் புற்றென்று ஐயுறும் கண்ணில் அவ்வாறு செய்தல் ஆகாது. ஊசி சென்ற வழியே புற்றுக் கலங்கள் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும். ஆகவே மருத்துவர் வெளியிலிருந்து நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். புற்றை வடுவென்று விட்டுவிட்டால் குழந்தை இறக்கும். வடுவைப் புற்றென்று கொண்டால் ஒரு கண் வீணாக அகற்றப்படும். உயிரையும் கண்ணையும் தராசிலிட்ட பழைய மருத்துவர் கண்ணையே இழக்கத் துணிந்தனர். அவர்களைக் குறைகூற இயலாது. எனினும் அவ்வாறு அகற்றப்பட்ட கண்கள் ஆய்வுகூடங்களின் புட்டிகளிற் சேர்ந்துகொண்டேயிருந்தன.

அக்கண்களைத் திரும்பவும் எடுத்து நோக்கியவர்களுள் ஹெலனோர் வைல்டர் குறிப்பிடத்தக்கவர். வாஷிங்டனிலுள்ள படைத்துறை நோயியல் நிறுவகத்திற் பணிபுரிந்த இவ்வம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகத் தொடங்கித் தம் பயிற்சியால் கண் நோயியலில் வல்லுநரானவர். பொய்க் கிளியோமா முதலிய பெயர்களின் கீழ் வைக்கப்பட்டிருந்த 46 கண்களை நுண்ணிய துண்டங்களாக அரிந்து அவர் பொறுமையோடு ஆராய்ந்தார். அவற்றுள் 24 கண்களில் வட்டப்புழுவின் குடம்பிகளையோ அவற்றின் எச்சங்களையோ கண்டு 1950இல் வெளியிட்டார். அவற்றுட் சில நாயின் குடலில் வாழும் புழுவினத்தின் குடம்பிகள் எனப் பின்னர் அறியப்பட்டது. நாய்க்கழிவு கலந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்வழியே முட்டை உட்புகுந்து, குடம்பியாகிக் குருதியோடு கண்ணை அடைகின்றது. அங்கே அதனைச் சூழ்ந்து எழும் அழற்சித் திரளே கட்டியாக மயங்கவைத்தது. ஒரே பெயரொட்டிய புட்டிகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் அப்பெயருக்குள் மறைந்திருந்த காரணம் ஒரு புழு என்றானது.

மயக்கம் அதனோடு தீர்ந்துவிடவில்லை. பிலடெல்பியாவில் விழித்திரைப் புற்று என்ற ஐயத்தோடு அனுப்பப்பட்ட 500 நோயாளரை ஆராய்ந்த ஷீல்ட்ஸ் குழுவினர், 288 பேருக்கே அந்நோய் இருந்ததென்றும் 212 பேருக்கு வேறு நிலைகள் இருந்தனவென்றும் 1991இல் அறிவித்தனர். பத்தில் நான்கிற்கு மேல் ஐயம் பொய்த்தது. அனுப்பியவரிற் பலரும் மருத்துவர்களே என்பதை நினைக்குமிடத்து இதன் அருமை விளங்கும்.

அவ்வாறாயின் வல்லுநர் எவற்றைக் கொண்டு பிரிக்கின்றனர்? முதலாவது வயது. விழித்திரைப் புற்று பெரும்பாலும் ஐந்து வயதிற்கு முன்னரே வெளிப்படும். இரண்டாவது கண்ணின் அளவு. புற்றுள்ள குழந்தையின் கண் பெரும்பாலும் இயல்பான அளவினது. பிறவிக் குறைபாட்டாலோ பழைய காயத்தாலோ வந்த மாற்றத்திற் கண் சிறுத்திருப்பதுண்டு. மூன்றாவது சுண்ணாம்புப் படிவு. கழியொலிப் படத்தில் கட்டியினுள்ளே சுண்ணாம்புத் துணுக்குகள் தென்படின் புற்றென்ற ஐயம் வலுப்படும். ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டும். நெடுநாள் சுருங்கிக் கிடந்த கண்ணிற் சுண்ணாம்பும் எலும்புங்கூட உருவாகலாம். உண்மையான கிளியாக் கட்டியாகிய உடுக்கல ஹமார்ற்றோமாவிலும் சுண்ணாம்புண்டு. அது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் பரம்பரை நோயோடு வருவதாகலின், வலிப்பு உண்டா, தோலில் வெண்திட்டுகள் உண்டா என்று மருத்துவர் தேடுகின்றார். கண்ணுக்குரிய விடை தோலில் எழுதப்பட்டிருத்தலும் உண்டு.

கண் அகற்றப்பட்டாலோ, வளர்ந்தவரிடத்தில் இழையம் எடுக்க முடிந்தாலோ, நோயியலாளர் மேலும் இரு வினாக்களை எழுப்புகின்றார். இக்கலங்கள் எவ்வினத்தவை என்பது ஒன்று. எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பது மற்றொன்று. கிளியா நார்ப்புரதத்திற்குச் சாயமேற்றி முதல் வினாவிற்கும், ஜேர்மனியின் கீல் நகரத்தில் 1983இல் அறிமுகமாகி அந்நகரின் பெயரையே தாங்கிய கீ-67 என்னும் குறிகாட்டியால் இரண்டாவதற்கும் விடை காண்பர். வடுவிற் கிளியாப் புரதம் நிறைந்திருக்கும். பெருகும் கலங்களோ மிகச் சில. விழித்திரைப் புற்றில் நிலைமை மறுதலை. இத்தகைய ஆய்வு பழைய பெயரொன்றையும் அசைத்தது. வளர்ந்தோரின் விழித்திரை ஓரத்தில் செம்மஞ்சள் நிறமாக எழும் ஒருவகைத் திரள், குருதிக் கலன் பெருக்கக் கட்டி என்றே வழங்கப்பட்டு வந்தது. அதனை ஆராய்ந்த ஜேக்கபீக் முதலியோர், அதிற் பெருகியிருப்பவை பெரும்பாலும் உடுக்கலங்களே என்று கண்டு, அதனை எதிர்வினை உடுக்கலத் திரள் என அழைக்கலாம் என்று 2013இல் எழுதினர். விர்ஷோவின் பெயர் திருத்தப்பட்டதுபோல அவருக்குப் பின்வந்தோரின் பெயர்களும் திருத்தப்படுகின்றன.

மேற்கூறிய குறிகளுக்கெல்லாம் முற்பட்டு நிற்பது ஒன்றுண்டு. அது நோயாளியின் கதை. எப்போது காயம் பட்டது, எதனாற் பட்டது, அதன் பின் பார்வை எவ்வாறு குன்றியது என்னும் வினாக்களுக்கு விடையிருந்தால் வடு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வன்னியை நோக்குமிடத்து இச்செய்தி தனி முக்கியத்துவம் பெறுகின்றது.

துணுக்காய் வயலும் காடும் சூழ்ந்த ஊர். வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் மக்கள் வாழும் பிரதேசம் அது. விறகு கொத்துகையிற் சிராய் தெறித்தும், முட்பற்றை வெட்டுகையில் முள் தைத்தும் உழைப்பாளரின் கண் காயமுறுதல் இத்தகைய ஊர்களில் இயல்பு. அதன் மேல் போர் வந்தது. எறிகணையின் சிதறு துண்டுகளாற் கண்ணிழந்தோர் வன்னியெங்கும் உளர். 2008இல் துணுக்காய், மல்லாவி மக்கள் கிழக்கு நோக்கி முற்றாக இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிவுற்ற பின், முகாம்களில் இருந்தோர் அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாகத் திரும்பினர். வீட்டுக் கூரையும், கால்நடையும், காணி உறுதியும் போன அவ்வோட்டத்தில் கிளினிக் கொப்பிகளும் போயின. கண்ணிற் செய்த சத்திர சிகிச்சை யாது, உள்ளே தங்கிய துண்டு அகற்றப்பட்டதா என்று எழுதிய ஏடுகள் பலருக்கு இல்லை.

இத்தகைய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இடக்கண் காயமுற்றுப் பார்வையிழந்து சுருங்கிக் கிடக்கின்றது. பல ஆண்டுகளின் பின் அது சிவந்து நோகின்றது. மல்லாவி வைத்தியசாலையிலிருந்து அவர் யாழ்ப்பாணத்துக் கண் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றார். கருவிழி மங்கியிருப்பதால் உள்ளே நோக்க முடியவில்லை. கழியொலிப் படத்தில் ஒரு திரள் தெரிகின்றது. பழைய காயத்தின் வடுவா, புதிதாக முளைத்த கட்டியா? மங்கிய கண்ணுக்குள் புற்று மறைந்து வளர்ந்ததாக மருத்துவ நூல்கள் எச்சரிப்பதால் வடுவென்று எளிதில் விட்டுவிடவும் இயலாது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கலாமே எனின், கண்ணுக்குள் இரும்புத் துண்டு எஞ்சியிருந்தால் அக்காந்தம் அதனை அசைத்துப் பெருங்கேடு விளைவிக்கும். ஆதலால் முதலில் எக்ஸ்கதிர்ப் படமோ சி.ரி. படமோ எடுத்து உலோகம் இல்லையென்று உறுதி செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யவேண்டும் என்னும் எண்ணமே, நோயாளி தன் காயத்தின் கதையைச் சொன்னால்தான் மருத்துவருக்கு எழும். தனக்கு நேர்ந்ததை மறக்க முயன்று வாழும் ஒருவர், வினவப்படாதவிடத்து அதனைச் சொல்லாமலே விட்டுவிடலாம்.

இதற்கு மறுதலையான இடர் குழந்தைகளிடத்தில் உள்ளது. தமிழ்க் கிராமங்களில் கண்ணில் வெண்மை எதனைக் காணினும் பூ விழுந்துவிட்டது என்பது வழக்கு. கருவிழியின் தழும்பும் பூவே, கண்புரையும் பூவே, கண்மணியின் ஆழத்திலிருந்து வெண்மையாக ஒளிரும் புற்றும் பூவே. பொய்க் கிளியோமா என்னும் கூடையைப் போலவே பூ என்பதும் ஒரு கூடை. முன்னைய கூடையாற் கண்கள் வீணாயின. இக்கூடையாலோ உயிர்கள் போகக்கூடும். விழித்திரைப் புற்று ஏறத்தாழ 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒன்றென்ற அளவிலே தோன்றும் அரிய நோய். 153 நாடுகளைச் சேர்ந்த 4,351 நோயாளர் பற்றி 2020இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 62.8 வீதத்தினரிடம் முதலிற் காணப்பட்ட குறி கண்மணியின் வெண்மையே என்கிறது. செல்வ நாடுகளில் நோய் அறியப்படும் வயதின் இடைநிலை 14.1 மாதம், வறிய நாடுகளில் அது 30.5 மாதம். வறிய நாடுகளின் நோயாளரிற் பாதிப்பேர்க்கு, மருத்துவரிடம் வரும்போதே நோய் கண்ணை விட்டு வெளியே பரவியிருந்தது. செல்வ நாடுகளில் அவ்வாறானோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. பதினாறு மாத வேறுபாடு எத்துணைப் பெரிதென்பது இதனால் விளங்கும்.

ஆகவே துணுக்காயிலுள்ள ஒரு தாய்க்கும் கொழும்பிலுள்ள வல்லுநர்க்கும் இடையே உள்ள தூரம் மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று, சொற்களாலும் அளக்கப்படுவது. இதனை நன்கு உணர்ந்தவர் ஒருவர் முன்னரே இம்மண்ணில் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் 1867இல் வெளியிட்ட சத்திர சிகிச்சை நூலின் பெயர் இரண வைத்தியம். இரணம் என்பது புண். தமிழில் அறுவை மருத்துவம் புண்ணின் பெயராலேயே நூலுருப் பெற்றது என்பது நினைவு கொள்ளத்தக்கது. கிறீன் தொடங்கிய பணி மருத்துவ பீடத்தாரோடு நின்றுவிடுவதன்று. பூ என்னும் ஒரு சொல்லை வெண்தழும்பு, கண்புரை, வெண்மணி எனப் பிரித்து வழங்கவும், கட்டி என்னும் ஒரு சொல்லை வடுப்பெருக்கம், மெய்க்கட்டி எனப் பிரித்து வழங்கவும் தமிழ் பயில்வோர் முன்வருதல் வேண்டும். பாடநூலிலும், சுகாதார நிலையத்துச் சுவரொட்டியிலும், குடும்பநல உத்தியோகத்தரின் பேச்சிலும் அச்சொற்கள் பழகுமாயின், தாயொருத்தி இது எந்தப் பூ என்று கேட்கத் தொடங்குவாள்.

அக்கேள்வி எழுந்த பின் செய்யவேண்டியவை சிலவே. குழந்தையின் கண்மணியில், புகைப்படத்திலேனும் மாலை வெளிச்சத்திலேனும், வெண்மை ஒளிருமாயின் வாரக்கணக்கிற் பொறுத்திராது கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அது புற்றாக இல்லாதிருக்கவும் கூடும். அதனை அறுதியிட வேண்டியவர் அவரே. பழைய காயமுள்ள கண்ணையுடையவர் அது பட்ட ஆண்டையும், பட்ட பொருளையும், அதற்குச் செய்த சிகிச்சையையும் நினைவிலுள்ளவாறே ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குச் செல்லுந்தோறும் கொண்டுசெல்லுதல் நன்று. எழுத இயலாதவர்க்கு வீட்டிலுள்ள மாணவர் எழுதிக் கொடுக்கலாம். இழந்த ஏடுகளுக்கு ஈடாக ஒரே ஒரு பக்கம் போதும். அதிலுள்ள ஆண்டொன்றே வடுவையும் கட்டியையும் வேறுபடுத்த மருத்துவர்க்குக் கிடைக்கும் முதற் சான்றாகலாம்.